பைக்கோவும் பிசிஎம்5102ஏ-யும் கொண்டு யுஎஸ்பி டாக், ஹெட்போன் பெருக்கி: டக்கொலி, கீச்சொலி, இரைச்சல் ஆகியவற்றுக்கான காரணங்கள்

அலைவரிசை

அனைவருக்கும் வணக்கம். கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக இசை கேட்பதற்காக ஒரு டாக்கையும் (எண்முறை ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் சுற்று) அதனோடு சேர்ந்த ஹெட்போன் பெருக்கியையும் பொதுப்பயன் பலகையில் கட்டியிருக்கிறேன். ராஸ்பெர்ரி பை பைக்கோ, அதாவது ஆர்பி2040 சிப், யுஎஸ்பி ஒலிக்கருவியாகக் கணினிக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அங்கிருந்து எண்முறை ஒலியைக் கடத்தும் ஐ2எஸ் கம்பிகள் மூன்றும் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஊதா நிற பிசிஎம்5102ஏ டாக் பலகைக்குச் செல்கின்றன. அதன் வெளியீடு, என்ஜேஎம்4556ஏ ஆப்-ஆம்பை (பெருக்கிச் சிப்) மையமாகக் கொண்ட ஐந்து மடங்கு பெருக்கும் சுற்றுக்குச் செல்கிறது. யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு சிறிய மாற்றி மாட்யூல் ஆப்-ஆம்புக்கான +5, -5 வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. வால்யூம் கண்ட்ரோல் எதுவும் வைக்கவில்லை. கணினியிலேயே ஒலியளவைக் குறைத்துக்கொள்கிறேன்.

கேட்பதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை. மற்றொன்று காதுக்குள் பொருந்தும் 16 ஓம் இயர்போன். அதன் விவரத்தாளில் 1 வோல்ட்டுக்கு 120 டெசிபல் என்று போட்டிருக்கிறது.

இசை நன்றாகவே வருகிறது. ஆனால் மூன்று குறைகள் இருக்கின்றன. முதலாவது, இசை ஓடும்போது விட்டுவிட்டு ‘டக்’ என்று ஓர் ஒலி. இரண்டாவது, தம்புரா மட்டும் ஒலிக்கும் மெல்லிய இடங்களில் பின்னணியில் ஒரே சுதியில் தொடரும் கீச்சொலி. மூன்றாவது, இயர்போனில் மட்டும் ‘உஸ்’ என்ற இரைச்சல். இம்மூன்றும் ஒரே காரணத்தால் வருகின்றனவா, அல்லது தனித்தனியாகத் தேட வேண்டுமா என்பதை அறிய விரும்புகிறேன்.

துடிப்பளவி

வணக்கம் நண்பரே. பதில் எழுதும் முன் சில விவரங்கள் தேவை. டக்கொலி ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா, கணினியில் வேறு வேலை நடக்கும்போது வருகிறதா? கீச்சொலியின் சுதி எவ்வளவு? மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினால் கீச்சொலி மாறுகிறதா? நிரலில் பஃபரின் (ஒலி மாதிரிகள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) அளவு என்ன, தேவையான மாதிரி வேகத்தைக் கணினிக்குச் சொல்லும் பின்னூட்ட மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

அலைவரிசை

டக்கொலி ஏறத்தாழ 40 நொடிக்கு ஒரு முறை, பெரும்பாலும் சீராகவே வருகிறது. கணினியின் வேலைக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. அலைவு உருவாக்கும் செயலியில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து ஒப்பிட்டேன். கீச்சொலி அதே சுதியில் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றினாலும் அது மாறவில்லை. பஃபரில் 192 மாதிரிகள் இடம்பெறும். பாதி நிரம்பியதும் ஒலிக்கத் தொடங்குகிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். பின்னூட்ட மதிப்பைப் பொறுத்தவரை, நான் அடிப்படையாக எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நிரலில் இருந்தபடியே, 48 என்பதை 14 பிட் இடப்பக்கம் நகர்த்திய நிலையான எண்ணை அனுப்புகிறேன்.

துடிப்பளவி

மூன்றும் தனித்தனிக் காரணங்களால் வருகின்றன. முதல் குறைக்கான விடை உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருப்பதால், அதை விரிவாக எழுதுகிறேன்.

கணினிக்கு ஒரு கிரிஸ்டல், பைக்கோவுக்கு ஒரு கிரிஸ்டல். இரண்டும் ‘48,000’ என்று சொல்வது ஒரே 48,000 அல்ல. கிரிஸ்டல்களுக்கு இடையே பத்து லட்சத்தில் சில பத்துகள் வேறுபாடு இருப்பது இயல்பு. பத்து லட்சத்தில் 50 என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 2.4 மாதிரிகள் கூடுதலாகவோ குறைவாகவோ வந்து சேரும். உங்கள் பஃபரில் ஒரு பக்கம் 96 மாதிரிகளுக்கு இடமிருக்கிறது. 96-ஐ 2.4-ஆல் வகுத்தால் 40 நொடி. நீங்கள் காதால் அளந்த இடைவெளியும் அதுதான். பஃபர் வழிந்தோ வற்றியோ போகும் கணத்தில்தான் அந்த டக்கொலி எழுகிறது. பஃபரைப் பெரிதாக்கினால் இடைவெளி நீளுமே தவிர, குறை தீராது.

இதற்காகத்தான் யுஎஸ்பி ஒலி வரையறையில் ஒத்திசைவற்ற முறை என்ற ஒன்று இருக்கிறது. அதில் க்ளாக்கின் உரிமை டாக்கிடம் இருக்கும். ‘எனக்கு ஒரு மில்லிநொடிக்கு இத்தனை மாதிரிகள் தேவை’ என்று டாக் ஒரு தனி எண்ட்பாயிண்ட் (யுஎஸ்பி தரவு வாயில்) வழியாகக் கணினிக்கு அவ்வப்போது சொல்லும்; கணினி அதற்கேற்ப அனுப்பும். அந்த வரையறையின் முதல் பதிப்பான யுஏசி1-இல் இந்த மதிப்பு மூன்று பைட்டுகளில், முழு எண்ணுக்கு 10 பிட், பின்னத்துக்கு 14 பிட் என்ற அமைப்பில் செல்கிறது. சரியாக 48 என்றால் அது 786432. உங்கள் பைக்கோவின் க்ளாக் பத்து லட்சத்தில் 50 வேகமாக இருந்தால், சொல்ல வேண்டிய எண் 786471. நிலையான எண்ணை அனுப்பும்போது, வடிவில் ஒத்திசைவற்ற முறை இருக்கிறது, ஆனால் அதன் பயன் இல்லை. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு நிரல்கள் சிலவற்றில் இந்த இடம் இப்படித்தான் விடப்பட்டிருக்கிறது; அவை தொடக்கநிலை விளக்கத்துக்காக எழுதப்பட்டவை, குறுகிய நேரச் சோதனையில் இது வெளிப்படாது.

சரியான மதிப்பைப் பெற எளிய வழி, பஃபரின் நிரப்பளவைக் கொண்டு திருத்துவது. பஃபரை 384 மாதிரிகளாக்கி, 192-ஐ இலக்காக வையுங்கள். ஒவ்வொரு மில்லிநொடியும் கணினியிடமிருந்து வரும் ஃபிரேம் தொடக்கக் குறிப்பின்போது, டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் பகுதி) எவ்வளவு படித்திருக்கிறது என்பதைப் பார்த்து, அப்போதைய நிரப்பளவைக் கணக்கிடுங்கள். 16 முறை எடுத்த சராசரியை இலக்கிலிருந்து கழித்து, கிடைக்கும் வேறுபாட்டை 8-ஆல் பெருக்கி 786432 உடன் கூட்டுங்கள். பஃபர் வற்றினால் எண் ஏறும், நிரம்பினால் இறங்கும். 8 என்ற பெருக்கியில் இதன் நேர மாறிலி ஏறத்தாழ 2 நொடி; பத்து லட்சத்தில் 50 வேறுபாட்டைச் சமன்செய்ய, பஃபர் இலக்கிலிருந்து 5 மாதிரிகள் மட்டுமே விலகி நிற்கும். சராசரி எடுப்பதை விட்டுவிடாதீர்கள். கணினி ஒரே வீச்சில் 48 மாதிரிகளைக் கொட்டுவதால், கணக்கிடும் நேரம் சற்றே தள்ளிப்போனாலும் எண் தேவையின்றிக் குதிக்கும்.

இன்னும் ஒன்று. ஒலித்தரவு வரும் எண்ட்பாயிண்ட்டின் உச்ச அளவை 192 பைட் என்று குறித்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன் தராது. இரண்டு தடம், 16 பிட், 48 மாதிரிகள் என்றால் சரியாக 192 பைட்தான். ஆனால் கணினி சில நூறு ஃபிரேம்களுக்கு ஒரு முறை 49 மாதிரிகளை அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு 196 வேண்டும். கருவி தன்னைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் விவரிப்பானில் இதைக் கட்டாயம் திருத்துங்கள்.

செம்புக்கம்பி

கீச்சொலியைப் பற்றி நான் எழுதுகிறேன். கணினியோடு இணைத்த எந்த ஒலிக்கருவியிலும் கீச்சொலி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த் சுற்றுதான். யுஎஸ்பி தனிமைப்படுத்தி ஒன்றை இடையில் வைத்துப் பாருங்கள். ஏடியுஎம்4160 சிப் கொண்ட பலகைகள் கிடைக்கின்றன; முழுவேக யுஎஸ்பி, அதாவது 12 மெகாபிட் வரை அது தாங்கும், பைக்கோவுக்கு அது போதும்.

தரைத்தடம்

செம்புக்கம்பி அண்ணா சொல்வது பல சமயங்களில் சரி. ஆனால் இந்தச் சுற்றுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். எர்த் சுற்று உருவாக இரண்டு பாதைகள் தேவை. இவருடைய கருவிக்கு மின்சாரமும் தரவும் ஒரே யுஎஸ்பி கம்பியில் வருகின்றன. மறுமுனையில் இருப்பது காதில் மாட்டிய ஹெட்போன், அது எங்கும் எர்த் ஆகவில்லை. சார்ஜரைக் கழற்றியும் ஒலி மாறவில்லை என்பது இதை உறுதிசெய்கிறது. தனியான அடாப்டரில் ஓடும் பெருக்கியை டாக்கோடு சேர்த்தால், அல்லது எர்த் செய்யப்பட்ட ஸ்பீக்கர் பெருக்கிக்குக் கம்பி கொடுத்தால், அப்போது தனிமைப்படுத்தி உண்மையிலேயே வேண்டியிருக்கும்.

1,000 ஹெர்ட்ஸ் என்ற எண்ணே மூலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. முழுவேக யுஎஸ்பியின் ஃபிரேம் ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் செயலி விழித்தெழுந்து, தரவை நகர்த்தி, மீண்டும் ஓய்கிறது. அதன் மின்னோட்டமும் நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் டாக்கின் மின்சாரத்திலோ கிரவுண்டிலோ கலந்தால் கீச்சொலியாகக் கேட்கும். உயர்வேக யுஎஸ்பி கருவிகளில் இதே குறை 8,000 ஹெர்ட்ஸில் கேட்பதற்குக் காரணம், அங்கே 125 மைக்ரோநொடிக்கு ஒரு நுண்ஃபிரேம் வருவதுதான்.

அலைவரிசை, பைக்கோவின் 3.3 வோல்ட் முனையிலிருந்துதான் டாக் பலகைக்கு மின்சாரம் எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் அதை முதலில் மாற்றுங்கள். பைக்கோவில் அந்த 3.3 வோல்ட்டை ஒரு ஸ்விட்சிங் ரெகுலேட்டர் உருவாக்குகிறது. குறைந்த சுமையில் அது மின்சேமிப்பு நிலைக்குப் போய் விட்டுவிட்டு இயங்கும். பழைய பைக்கோவில் ஜிபிஐஓ 23 முனையை உயர்நிலையில் வைத்தால் அது தொடர்ச்சியாக இயங்கத் தொடங்கி, சிற்றலை குறையும். இதற்கு நிரலில் ஒரே ஒரு வரி போதும். வயர்லெஸ் உள்ள பைக்கோ டபிள்யூவில் இந்தக் கட்டுப்பாடு வயர்லெஸ் சிப்பின் வழியாகச் செல்வதால் முறை சற்று வேறுபடும்.

ஆனாலும் அது பாதி மருந்துதான். ஊதா நிறப் பலகைகளில் பெரும்பாலும் தனியான லீனியர் ரெகுலேட்டர் பலகையிலேயே இருக்கும். 5 வோல்ட்டை அதன் விஐஎன் முனைக்கு நேரடியாகக் கொடுத்தால், டாக்கின் 3.3 வோல்ட் பைக்கோவின் சச்சரவிலிருந்து விலகிவிடும். அந்த 5 வோல்ட் பாதையில் 1 அல்லது 2 ஓம் மின்தடையும் அதன்பின் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால் இன்னும் நல்லது.

செம்புக்கம்பி

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. சார்ஜர் பற்றிய அவருடைய பதிலைக் கணக்கில் எடுத்தால் நீங்கள் சொல்வதே பொருந்துகிறது. கிரவுண்ட் இணைப்புகளைப் பற்றியும் எழுதினால் பலருக்கும் உதவும். பொதுப்பயன் பலகையில் கட்டுபவர்கள் அதிகம் இடறுவது அங்கேதான்.

தரைத்தடம்

எழுதுகிறேன். கிரவுண்ட் என்பதை வரைபடத்தில் ஒரே புள்ளியாகப் போடுகிறோம். பலகையில் அது மெல்லிய கம்பி. அதற்கும் மின்தடை உண்டு. பைக்கோவின் மின்னோட்டமும், டாக்கின் மின்னோட்டமும், ஹெட்போனிலிருந்து திரும்பும் மின்னோட்டமும் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கினால், ஒவ்வொன்றும் மற்றதன் பூஜ்ஜியத்தை அசைக்கும். ஹெட்போன் சாக்கெட்டின் பொதுக் கம்பியில் 0.1 ஓம் இருந்தாலே, 32 ஓம் ஹெட்போனில் ஒரு தடத்தின் ஒலி மற்றதில் -50 டெசிபல் அளவுக்குக் கசியும். பிரெட்போர்டு கம்பிகளில் 0.1 ஓம் மிக எளிதாக வந்துவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல டாக் சிப் வைத்தும் பயனில்லை.

ஆகவே ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து வரும் திரும்புக் கம்பியைத் தடிமனாக, நேராக, மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள பெரிய மின்தேக்கியின் கிரவுண்டுக்குக் கொண்டு செல்லுங்கள். டாக்கின் கிரவுண்ட் தனியாக அங்கே வரட்டும். பைக்கோவின் கிரவுண்ட் தனியாக அங்கே வரட்டும். ஐ2எஸ் கம்பிகளோடு ஒரு கிரவுண்ட் கம்பி சேர்ந்தே ஓட வேண்டும். அந்தக் கம்பிகள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பைக்கோ முனையில் ஒவ்வொன்றிலும் 33 அல்லது 47 ஓம் மின்தடையைத் தொடராக வையுங்கள், துடிப்பின் விளிம்புகளில் எழும் அதிர்வு அடங்கும்.

இசைநாடி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக, சிப்பையே மாற்றிவிடலாம் அல்லவா? பிசிஎம்5102ஏ-யின் விவரத்தாளில் இயக்க வீச்சு (உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி) 112 டெசிபல். இஎஸ்9038க்யூ2எம் சிப்புக்கு 129 டெசிபல். அதன் பலகைகளும் இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. இரைச்சல்தான் குறை என்றால், 17 டெசிபல் குறைவான இரைச்சல் உள்ள சிப்பை வைப்பதுதானே நேர்வழி?

துடிப்பளவி

தோழரே, அந்த 129 டெசிபல், சிப்பைச் சுற்றி இருக்கும் எல்லாமே அந்தத் தரத்தில் இருக்கும்போது மட்டும் கிடைக்கும் எண். இஎஸ்9038க்யூ2எம்மின் வெளியீடு அதன் அனலாக் மின்சாரத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. அந்த மின்சாரமே அதற்கு அளவுகோல். அதில் 1,000 ஹெர்ட்ஸ் கீச்சொலி இருந்தால், இசை ஒலிக்கும்போது வெளியீட்டிலும் அது கலந்தே தீரும். இப்போதைய மின்சாரத்தில் அந்தச் சிப்பைப் போட்டால், இன்று கேட்பதைவிட மோசமாகக் கேட்கவும் வாய்ப்புண்டு. அதற்கு வெளியே மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஆப்-ஆம்ப்களும், மிகக் குறைந்த இரைச்சலுள்ள ரெகுலேட்டர்களும் தேவை. தொடக்க நிலையை அமைக்கப் பதிவேட்டு நிரலும் எழுத வேண்டியிருக்கலாம்.

பிசிஎம்5102ஏ-யை நான் விரும்பிப் பரிந்துரைப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. அது ஒற்றை 3.3 வோல்ட்டில் இயங்குகிறது. எதிர்மின்னழுத்தத்தை உள்ளேயே உருவாக்கிக்கொள்வதால் வெளியீடு பூஜ்ஜியத்தை மையமாகக் கொண்டு 2.1 வோல்ட் வருகிறது, இடையில் மின்தேக்கி தேவையில்லை. மாஸ்டர் க்ளாக் நுழையும் எஸ்சிகே முனையைக் கிரவுண்டில் கட்டினால், பிட் க்ளாக்கிலிருந்தே தனக்கு வேண்டிய மாஸ்டர் க்ளாக்கை உள்ளிருக்கும் பிஎல்எல் (க்ளாக்கைப் பெருக்கும் சுற்று) மூலம் ஆக்கிக்கொள்கிறது. 16 பிட் பதிவுகளின் கோட்பாட்டு எல்லை 98 டெசிபல். பழைய கச்சேரிப் பதிவுகளின் நாடா இரைச்சல் அதைவிட வெகு உயரத்தில் இருக்கும். இந்த 112 டெசிபலை முழுதாக எடுக்க முடிந்தால், அதற்கு மேல் தேட வேண்டிய அவசியம் இவருக்கு இல்லை.

இசைநாடி

மின்சாரமே அளவுகோல் என்ற விளக்கம் எனக்குப் புதியது, நன்றி. அப்படியானால் இயர்போனில் கேட்கும் ‘உஸ்’ ஒலி எங்கிருந்து வருகிறது? அது சிப்பின் இரைச்சல்தானே?

தரைத்தடம்

சிப்பின் இரைச்சல்தான்; ஆனால் தேவையில்லாமல் ஐந்து மடங்கு பெருக்கப்பட்டது. கணக்கைப் பார்ப்போம்.

2.1 வோல்ட்டிலிருந்து 112 டெசிபல் கீழே என்றால் ஏறத்தாழ 5.3 மைக்ரோவோல்ட். 1 வோல்ட்டுக்கு 120 டெசிபல் தரும் இயர்போனில் அது 14 அல்லது 15 டெசிபல் ஒலியழுத்தம். அமைதியான அறையில் கூர்ந்து கேட்டால்தான் புலப்படும். ஐந்து மடங்கு பெருக்கியபின் அது 26 மைக்ரோவோல்ட்டைத் தாண்டி, 28 டெசிபலுக்கு மேல் போகிறது. இரவில் அது நன்றாகவே கேட்கும். கணினியில் ஒலியளவைக் குறைத்தால் இசை மட்டும் குறைகிறது, இந்த இரைச்சல் குறைவதில்லை.

இந்தப் பெருக்கம் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. டிடி 990 ப்ரோவை எடுத்துக்கொள்வோம்: 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். டாக் தரும் 2.1 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் 17.6 மில்லிவாட், அதாவது 108 டெசிபலுக்கு மேல். யாரும் அதற்கு மேல் கேட்கக் கூடாது, செவிக்குத் தீங்கு. மேலும், ஐந்து மடங்கு பெருக்கினால் உச்சத்தில் 15 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். +5, -5 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்பால் அதைத் தரவே முடியாது. ஆகவே இப்போது கணினியின் ஒலியளவில் கால் பங்குக்கு மேல் திறக்க முடியாத நிலையில் இருக்கிறீர்கள். டாக்கின் வீச்சில் 12 டெசிபலுக்கு மேல் முதலிலேயே வீணாகிறது.

பல ஹெட்போன் பெருக்கிக் கிட்கள் ஐந்து அல்லது பத்து மடங்குப் பெருக்கத்தோடு வருவது, கைப்பேசி அல்லது பழைய கையடக்கக் கருவிகளின் அரை வோல்ட் வெளியீட்டை மனத்தில் வைத்து. 2.1 வோல்ட் தரும் டாக்குக்குப் பின்னால் மின்னழுத்தத்தைப் பெருக்கும் தேவை இல்லை, மின்னோட்டம்தான் தேவை. பிசிஎம்5102ஏ-யால் 1,000 ஓமுக்குக் குறைந்த சுமையை ஓட்ட முடியாது. என்ஜேஎம்4556ஏ-யால் 70 மில்லிஆம்பியர் வரை தர முடியும். 250 ஓம் ஹெட்போனுக்கு உச்சத்தில் 12 மில்லிஆம்பியர் போதும். 32 ஓம் ஹெட்போனுக்கு 70 மில்லிஆம்பியர் வரை போனால் ஏறத்தாழ 78 மில்லிவாட். அது தேவைக்கு மிக அதிகம்.

ஆகவே பெருக்கத்தை ஒன்றாக மாற்றுங்கள்: வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு நேர் இணைப்பு, கிரவுண்டுக்குச் செல்லும் மின்தடையை எடுத்துவிடுங்கள். வெளியீட்டில் 1 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வையுங்கள். நீண்ட ஹெட்போன் கம்பியின் மின்தேக்கத்தால் ஆப்-ஆம்ப் அலைபாயாமல் இருக்க அது உதவும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பல டிரைவர்கள் கொண்ட இயர்போன்களின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுவதால், வெளியீட்டு மின்தடை கூடினால் ஒலியின் சாயலே மாறிவிடும். ஹெட்போன் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் வைப்பது நெடுநாள் வழக்கம்; 16 ஓமுக்கு அது 2 ஓம்.

2011-இல் வெளிவந்து உலகெங்கும் பலர் கட்டிய ஓ2 பெருக்கியிலும் இதே 4556தான் வெளியீட்டில் இருந்தது: தடத்துக்கு இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றின் பின்னும் 1 ஓம், இணையாகச் சேர்த்ததால் வெளியீட்டில் அரை ஓம். வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 4556 இல்லாதபோது 4558-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடைகள் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் தேடினாலும் 4558 எளிதாகவும் 4556 அரிதாகவும் கிடைக்கும். கால்களின் அமைப்பு ஒன்றே என்றாலும் 4558-ஆல் 32 ஓம் ஹெட்போனைச் சிதைவின்றி ஓட்ட முடியாது.

செம்புக்கம்பி

வால்யூம் கண்ட்ரோலைப் பற்றி ஒரு கேள்வி. கணினியில் எண்முறையில் குறைப்பதைவிட அனலாக் கண்ட்ரோல் சிறந்தது என்று பலர் சொல்வது, பிட்கள் இழக்கப்படுவதால்தானே?

துடிப்பளவி

பிட் இழப்பு இங்கே சிக்கலே அல்ல. யுஏசி1-இல் கணினி ஒலியளவை ஒரு டெசிபலில் 256-இல் ஒரு பங்கு என்ற நுண்மையில் கருவிக்கே அனுப்பிவிடும். பெருக்கலை நம் நிரலில் செய்யலாம். 16 பிட் மாதிரியை 16 பிட் எண்ணால் பெருக்கினால் விடை 32 பிட். ஐ2எஸ்ஸில் 32 பிட் இடைவெளியில் அதை அப்படியே டாக்குக்கு அனுப்பினால், வெட்டு எங்கும் விழுவதில்லை.

அனலாக் கண்ட்ரோலின் பயன் இரைச்சலில் இருக்கிறது. டாக்குக்கும் பெருக்கிக்கும் இடையில் 10 கிலோஓம் கண்ட்ரோல் வைத்தால், திருகும்போது டாக்கின் 5.3 மைக்ரோவோல்ட் இரைச்சலும் சேர்ந்தே குறையும். மிஞ்சுவது கண்ட்ரோலின் வெப்ப இரைச்சலும் ஆப்-ஆம்பின் இரைச்சலும். நடுநிலையில் கண்ட்ரோலின் மூலமின்தடை அதிகபட்சம் 2.5 கிலோஓம், அதன் வெப்ப இரைச்சல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கூட்டினாலும் 1 மைக்ரோவோல்ட்டை எட்டாது. இயர்போனில் கேட்பவருக்கு இது பெரிய மாற்றம்.

குறையும் உண்டு. மலிவான இரட்டைக் கண்ட்ரோல்களில், தொடக்கத்தில் இடமும் வலமும் ஒரே அளவில் ஏறுவதில்லை. இயர்போனுக்காக எப்போதும் அந்தத் தொடக்கப் பகுதியிலேயே நிற்க வேண்டியிருந்தால், கண்ட்ரோலுக்கு முன் ஒரு ஸ்விட்சோடு 20 டெசிபல் குறைக்கும் மின்தடைப் பிரிப்பான் வையுங்கள். பிறகு கண்ட்ரோலின் நடுப்பகுதியில் திருகலாம்.

அலைவரிசை

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கேட்டும் அளந்தும் பார்த்தேன்.

பின்னூட்டத்தைப் பஃபர் நிரப்பளவிலிருந்து கணக்கிட்டு, எண்ட்பாயிண்ட்டை 196 ஆக்கியதும் டக்கொலி முற்றிலும் நின்றுவிட்டது. இரவு முழுவதும் ஓடவிட்டு, பஃபர் வற்றும் ஒவ்வொரு முறையும் ஏறும் எண்ணி ஒன்றை நிரலில் வைத்தேன், அது பூஜ்ஜியத்திலேயே இருக்கிறது. 5 வோல்ட்டை டாக் பலகைக்கு நேரடியாகக் கொடுத்ததில் கீச்சொலி வெகுவாகக் குறைந்தது. கிரவுண்ட் கம்பிகளைப் பிரித்தபின் காதுக்குக் கேட்கவில்லை. ஒலி அட்டையின் உள்ளீட்டில் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவீட்டு மென்பொருள் கொண்டு பார்த்தபோது, 1,000 ஹெர்ட்ஸில் முன்பு நின்ற கோடு ஒலி அட்டையின் சொந்த இரைச்சலுக்குள் மறைந்துவிட்டது. பெருக்கத்தை ஒன்றாக்கி, கண்ட்ரோலையும் பிரிப்பானையும் சேர்த்ததும் இயர்போன் அமைதியாகிவிட்டது. ஒரு வீணைப் பதிவில் மீட்டி முடிந்து நாதம் தேய்ந்து மறையும் இடத்தைக் கடைசிவரை தொடர முடிகிறது.

பின்னால் கட்டுபவர்களுக்காக ஒரு குறிப்பு: ஆப்-ஆம்பை மாற்றிய ஒவ்வொரு முறையும், ஹெட்போனை மாட்டுவதற்கு முன் 33 ஓம் மின்தடையைச் சாக்கெட்டில் இணைத்து, மல்டிமீட்டரில் நேர்திசை (டிசி) மின்னழுத்தத்தைப் பார்த்தேன். சில மில்லிவோல்ட் இருந்தால் மட்டுமே ஹெட்போனை இணைத்தேன்.

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. கணினியில் இசையை நிறுத்தும்போது ஒரு சிறிய ‘டுப்’ ஒலி வருகிறது. மேலும், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளையும், முடிந்தால் 192 கிலோஹெர்ட்ஸையும் ஆதரிக்க விரும்புகிறேன்.

துடிப்பளவி

முதலாவது எளிது. இசை நின்றதும் ஐ2எஸ் க்ளாக்கை நிறுத்தாதீர்கள். பூஜ்ஜிய மாதிரிகளை அனுப்பிக்கொண்டே இருங்கள். பலகையின் பின்புறத்தில், ஒலியை அடக்கும் எக்ஸ்எஸ்எம்டி முனை சால்டர் பாலத்தால் உயர்நிலையில் கட்டப்பட்டிருக்கும். அதை விடுவித்து ஒரு ஜிபிஐஓவுக்குக் கொண்டு வாருங்கள். மின்சாரம் வந்து, க்ளாக் நிலைபெற்ற பின்னரே அதை உயர்த்துங்கள். கணினி உறக்கத்துக்குப் போகும் குறிப்பு வந்தால் க்ளாக்கை நிறுத்துவதற்கு முன் அதைத் தாழ்த்துங்கள். சிப் ஒலியைப் படிப்படியாக அடக்கும்.

24 பிட்டில் 192 கிலோஹெர்ட்ஸ் பைக்கோவில் இயலாது. ஒரு மில்லிநொடிக்கு 1,152 பைட் தேவைப்படும். முழுவேக யுஎஸ்பியில் இவ்வகை எண்ட்பாயிண்ட்டின் உச்சவரம்பு 1,023. 96 கிலோஹெர்ட்ஸுக்கு 576 பைட் போதும் என்பதால் அது முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உயர்வேக யுஎஸ்பி உள்ள எக்ஸ்மாஸ் போன்ற செயலிக்குப் போக வேண்டும்.

44.1 பற்றி எழுதும் முன், இப்போதைய 48-ஐயே சரிபாருங்கள். செயலி வழக்கமான 125 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், ஐ2எஸ் துடிப்புகளை உருவாக்கும் பிஐஓ பகுதியின் வகுப்பான் 20.34 என்ற பின்னத்தில் நிற்கும். அதாவது சில துடிப்புகள் 20 சுற்று, சில 21 சுற்று. ஒவ்வொரு சுற்றும் 8 நானோநொடி. அந்த நடுக்கம் குறையாமல் டாக்கின் வெளியீட்டை அடைந்தால், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் பக்கவாட்டில் -78 டெசிபல் அளவுக்குப் போலிக் கோடுகள் எழக்கூடும். சிப்பின் பிஎல்எல் இதில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும் என்பது உண்மையே. ஆயினும் செயலியை 153.6 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால், வகுப்பான் சரியாக 25 ஆகி நடுக்கத்தின் மூலமே நீங்குகிறது: 12 மெகாஹெர்ட்ஸை 128-ஆல் பெருக்கி, 5-ஆலும் 2-ஆலும் வகுத்தால் போதும். இவ்வளவு எளிய திருத்தத்தைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசை

153.6-க்கு மாற்றிவிட்டேன்; எந்தச் சிக்கலும் இல்லை. 44.1-க்கும் இப்படி ஒரு முழு எண் கிடைக்குமா, துடிப்பளவி ஐயா?

துடிப்பளவி

சரியாகக் கிடைக்காது. அருகில் கிடைப்பவற்றில் ஒன்று 135.6 மெகாஹெர்ட்ஸ், அதை 24-ஆல் வகுத்தால் 44,140 ஹெர்ட்ஸ் வரும். பின்னூட்டம் சரியாக இருப்பதால் டக்கொலி வராது. ஆனால் இசையின் சுதி ஒரு அரைச்சுரத்தில் நூற்றில் 1.6 பங்கு ஏறும். தனியாகக் கேட்பவருக்குத் தெரியாது என்றாலும், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

செம்மையான வழி, 22.5792 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்றை 44.1-க்கும், 24.576 மெகாஹெர்ட்ஸ் ஒன்றை 48-க்கும் வைப்பது. தேவையானதை மட்டும் நிரல் இயக்கட்டும். அந்தத் துடிப்பை நேராக டாக்கின் எஸ்சிகே முனைக்குக் கொடுங்கள். அது மாதிரி வீதத்தின் 512 மடங்கு, பிசிஎம்5102ஏ அதை ஏற்கும். அதே துடிப்பை ஒரு பைனரி கவுண்ட்டர் சிப்பில் 8-ஆல் வகுத்தால் பிட் க்ளாக், 512-ஆல் வகுத்தால் இடவலக் க்ளாக். பைக்கோ அவ்விரண்டையும் உள்ளீடாகப் பெற்று, பிட் க்ளாக்கின் விளிம்புக்காகக் காத்திருந்து தரவை மட்டும் தரட்டும். அப்போது மாதிரியை ஒலியாக்கும் கணத்தை ஆஸிலேட்டர் தீர்மானிக்கிறது. செயலி எந்த வேகத்தில் ஓடினாலும் அது ஒலியைத் தொடாது. பின்னூட்டக் கணக்கில் ஒரே மாற்றம், 44.1-க்கு அடிப்படை எண் 722534.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், டாக் பலகையின் முன்புறத்தில் எஸ்சிகே முனையைக் கிரவுண்டோடு சேர்க்கும் சால்டர் பாலத்தை எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் ஆஸிலேட்டரின் வெளியீடு நேராகக் கிரவுண்டில் குறுக்குச்சுற்றாகும்.